நார்வேக்காரர் எடுத்துப் போன ஒப்பாரி

ஜனவரி 9, 2024, செவ்வாய்

பொங்கலுக்கு முந்தின வாரம் தபால் பையின் கனம் தோளை இறக்கிவிடுகிறது. ஆதார் அட்டைகள், வங்கிக் கடிதங்கள், இரண்டு பட்டுச்சேலை பார்சல். சேவூரில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தொண்டை கட்டிக்கொண்டது.

மத்தியானம் போஸ்ட் ஆபீஸ் திரும்பினால் போஸ்ட்மாஸ்டர் தமிழ்ச்செல்வி மேடம் ஒரு வெளிநாட்டுக் கவரை நீட்டினார். “இது யாருக்குன்னே தெரியல அருள்ராஜ். இத்தன வருசமா இந்த ஊர சுத்தறீங்க, பாத்துச் சொல்லுங்க.”

விலாசம்: போஸ்ட்மாஸ்டர், சேவூர், ஆரணி. எழுதியவர் நார்வேயிலிருந்து மார்த்தா என்ற அம்மாள். அவருடைய அப்பா நாடு நாடாகச் சுற்றிப் பாட்டுகளை டேப்பில் பிடித்தவராம். 1974-ல் இங்கே பட்டுத்தறி பார்க்க வந்தவர், ஒரு பெண்ணின் ஒப்பாரியையும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். டேப் பெட்டியின் மேல் ‘பெண், பெயர் தெரியாது’ என்று எழுதியிருக்கிறதாம். அப்பா இப்போது இல்லை. அப்போது எடுத்த படம் ஒன்றையும் மார்த்தா கவரில் வைத்து, அதில் இருக்கும் பெண் யார் என்று கேட்டிருக்கிறார்.

படத்தில் நிற்பது என் அம்மா. முன்கையில் அதே பச்சை குத்திய தேள். இடுப்பில் ஒரு குழந்தை.

“தெரியலிங்க மேடம், விசாரிக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் பொய் சொன்னேன்?

ஜனவரி 10, புதன்

இடுப்பில் இருப்பவள் லீலா. என் அக்கா. நான் பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்னால் செத்துப்போனவள். அவள் முகத்தை நேற்றுத்தான் முதல் தடவை பார்த்தேன். எனக்கிருக்கிற அதே அகல நெற்றி.

ஊருக்கே தெரிந்த கதைதான். இருந்தாலும் ஒரு தரம் எழுதிவிடுகிறேன். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது. எங்கள் தெருவில் சும்மா முணுமுணுத்தாலே வாயில் ஒன்று போடுவார்கள். ஆளில்லாமல் அழுதால் அந்த அழுகை ஆளைத் தேடும் என்று சொல்வார்கள். அம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சுற்றுப்பட்டில் எங்கே சாவு என்றாலும் காத்தாயி வந்துவிட்டாளா என்றுதான் கேட்பார்களாம். நெசவுக்காரத் தெரு சம்பந்தம் வாத்தியாருக்கு இங்கிலீஷ் தெரியும். அவர்தான் வெள்ளைக்காரரைக் கூட்டிவந்து பாடச் சொன்னது. வாத்தியார் சொல்லைத் தட்ட முடியுமா? பாடினாள்.

பன்னிரண்டாம் நாள் லீலாவுக்கு ஜுரம் கண்டு, வலிப்பு வந்து, போய்விட்டாள்.

“உயிரோட இருக்கற புள்ளய இடுப்புல வெச்சிகினு அது பேருலயே பாடிட்டா” என்றது ஊர். “இல்ல, வெள்ளக்காரரோட அம்மாவுக்குத்தான் பாடுனேன், பேரு கேட்டுகினுதான் பாடுனேன்” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாளாம். வாத்தியாரைக் கேட்டார்கள். “எனக்கு ஞாபகம் இல்ல” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். சொந்த மகளின் பிணத்துக்குப் பக்கத்தில் அவளை வாய் திறக்க விடவில்லை. முந்தானையாலேயே வாயைப் பொத்தி இழுத்துப் போனார்களாம். என் அப்பன் வீரன் தேசூர்ப் பக்கம் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு சாவுக்கும் அவளைக் கூப்பிட்டதில்லை. நாற்று நட்டு என்னை வளர்த்தாள்.

ஜனவரி 12, வெள்ளி

முந்தாநாள் எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தாறு வயதில் பெரணமல்லூரில் ஒரு பெண் பார்த்தோம். எல்லாம் முடிவான பிறகு இந்தக் கதை அவர்கள் காதுக்குப் போய் வேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “நான் அந்தம்மாவுக்குத்தான்டா பாடுனேன்” என்று ஆரம்பித்தாள்.

“பாடியே பெத்த பொண்ணத் தின்னவதான நீ” என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று தண்ணீர் மாற்றிக் களைந்து உலை வைத்தாள். அன்றிலிருந்து வெள்ளைக்காரரின் அம்மா கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்து மூன்று வருடம்.

ஜனவரி 13, சனி

இன்றும் மேடத்திடம் சொல்லவில்லை.

ஜனவரி 20, சனி

என் மனைவி கலையரசியிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: “அந்த டேப்புல லீலா பேரு இருந்துதுனா இன்னா பண்ணுவீங்க?”

அதேதான் பத்து நாளாக எனக்குள்ளும் ஓடுகிறது. எழுபத்திரண்டு வயதில் அவளிடம் கொண்டுபோய் இந்தா, ஊர் சொன்னது சரிதான் என்று போட்டுக் காட்டுவதா?

“அத்தைய நிம்மதியா வுடுங்க. எதுக்கு இந்த பேஜாரு?” என்றாள் கலை.

விட முடியவில்லை. மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, கம்ப்யூட்டரில் நார்வேக்குப் பதில் எழுதினார். எனக்காக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: ‘முதலில் நான் தனியாகக் கேட்க வேண்டும்.’

பிப்ரவரி 5, திங்கள்

மார்த்தா நேரிலேயே வருகிறாராம். அம்மாவிடம், “ஒன்ன ஃபோட்டோ புடிச்ச வெள்ளக்காரரோட பொண்ணு வருது” என்று மட்டும் சொன்னேன். “வரட்டும்” என்றாள்.

பிப்ரவரி 17, சனி

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ். மார்த்தா அறுபது வயசுக்காரர், வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். மேடம் துணைக்கு வந்தார். மடிக்கணினியைத் திறந்து என் காதில் கருவியை மாட்டிவிட்டார்கள்.

முதலில் காக்கை. தூரத்தில் தறி. அப்புறம் சம்பந்தம் வாத்தியாரின் குரல். சந்தேகமே இல்லை, அவரேதான்.

“காத்தாயி, இவரோட அம்மா போன வாரம் செத்துட்டாங்களாம். காயிதம் இப்பதான் வந்துதாம். ஊருக்குப் போவ முடியலயாம். சும்மா ஒரு பாட்டு பாடு.”

“சும்மா எப்டிங்க பாடறது? அந்தம்மா பேரு இன்னான்னு கேளுங்க.”

இங்கிலீஷில் ஏதோ பேச்சு. “அன்னா” என்று வாத்தியார் சொல்கிறார்.

பிறகு என் அம்மா. இப்படி ஒரு குரல் அவளுக்கு இருந்ததா? நான் பிறந்ததிலிருந்து ஒரு தாலாட்டுகூடக் கேட்டதில்லை.

ஏழு கடல் தாண்டிப் போன புள்ள — என்னப் பெத்த அம்மா அன்னா
எட்டி நின்னு அழுவறேனே — என்னப் பெத்த அம்மா அன்னா
கொள்ளி வெக்க நா இல்லாம — என்னப் பெத்த அம்மா அன்னா
யாரு கையில வெந்தியம்மா — என்னப் பெத்த அம்மா அன்னா

அந்த வெள்ளைக்காரரின் வாயாக இருந்து பாடுகிறாள். அன்னா, அன்னா, அன்னா. லீலா என்று ஒரு இடத்தில்கூட இல்லை. நடுவில் ஒரு குழந்தை “ம்மா” என்கிறது. ராகம் அறுபடாமலே அம்மா “இரு கண்ணு” என்கிறாள். அது லீலா.

அன்னா என்பது மார்த்தாவின் பாட்டி. மார்த்தாவின் அப்பா வருடத்தில் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இந்த டேப்பைக் கேட்பாராம், என்ன பாட்டு என்று யாருக்கும் சொன்னதில்லையாம். பிறகு எல்லோரும் கேட்கச் சத்தமாகப் போட்டு மேடம் அர்த்தம் சொல்லச் சொல்ல அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வாத்தியாருக்கு ஞாபகம் இல்லியாம்! போன வாரம் பேசுனது ஞாபகம் இல்லாமப் போயிடுமா? வெள்ளக்காரன கூட்டியாந்ததே நீதானன்னு ஊரு தன்னக் கேட்டுடும்னு பயம். பதினோரு வருசம் அந்தாளு பென்ஷன கைல கொண்டுபோய்க் குடுத்தேன். ஒவ்வொரு மாசமும் “அம்மா சௌக்கியமா?”ன்னு கேப்பாரு. மரியாதைக்குக் கேக்கறாருன்னு நெனச்சிகினு இருந்தேனே. செத்தும் பத்து வருசம் ஆச்சு, யாரப் போய்க் கேக்கறது?

பிப்ரவரி 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்கு மார்த்தாவும் மேடமும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா துவைத்த சேலை கட்டிக் காத்திருந்தாள். டேப்பில் இருந்த பாட்டைப் போட்டோம். அவள் முகம் அசையவில்லை. குழந்தைக் குரல் வந்த இடத்தில் மட்டும், “நிறுத்து. திரும்பி வையி” என்றாள். மூன்று தரம் வைத்தோம். மூன்றாவது தரம் அவளே கூடச் சேர்ந்து மெதுவாக “இரு கண்ணு” என்றாள்.

முடிந்ததும், “நான் சொன்னேன்ல” என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன். “ஆமாம்மா. பேரு கேட்டுகினுதான் பாடியிருக்க. நேத்தே நான் —”

“நேத்தே கேட்டியா?”

தலையாட்டினேன்.

“எதுக்குடா மொதல்ல நீ கேட்ட? லீலா பேரு இருக்குதான்னு பாத்தியா?”

“ஒனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு...”

“இருந்திருந்தா எனக்குக் காட்டியிருக்க மாட்ட. அவ்ளோதான?”

ஆமாம். அவ்வளவுதான்.

அவள் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மேடத்திடம் திரும்பினாள். “அந்தம்மாவ மிசின எடுக்கச் சொல்லுங்க. என் பொண்ணுக்கு நா இன்னும் அழல. இந்த வாட்டி பேரு போட்டு எடுக்கட்டும்.” சாவு விழாத வீடு. தெருவில் கேட்டால் என்ன சொல்வார்கள்? கலையரசி ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஒற்றை ஆளாக ஒப்பாரி வைக்கக்கூடாது அல்லவா.

அம்மா முடியை அவிழ்த்துவிட்டாள். குரல் உடைந்து பாதிதான் வந்தது.

நாலு வயசு ரத்தினமே — மகளே என் லீலா
நா அழவும் வுடலியேம்மா — மகளே என் லீலா
வாயப் பொத்தி இழுத்தாங்க — மகளே என் லீலா
அம்பது வருசம் முழுங்குனேனே — மகளே என் லீலா

ஒப்பாரியில் செத்தவளிடம்தான் இருப்பவர்கள் மேல் குறை சொல்வார்கள். புருஷன், நாத்தி, மாமியார், யாரையும் விடமாட்டார்கள், யாரும் குறுக்கே பேசவும் கூடாது. அதுதான் முறை. கட்டுன புருசன் நம்பலியே என்றாள். படிச்ச வாத்தி நம்ப வெக்கலியே என்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது, அடுத்தது நான்தான்.

ஒன் கூடப் பொறந்த தம்பியும்தான் — மகளே என் லீலா
கேட்டுப் பாத்துதானே நம்புனான் — மகளே என் லீலா

மார்த்தாவுக்கு வரிக்கு வரி அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்த மேடம் என் முகத்தைப் பார்த்தார். அந்த இரண்டு வரியையும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பிப்ரவரி 19, திங்கள்

தபால் கொடுத்தேன். ஒரு வீட்டிலும் நிற்கவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

அம்மா என்னிடம் பேசுவதில்லை. கோபமாகக்கூட இல்லை. தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். “ம்மா, மன்னிச்சிடு” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் திரும்புகிறவள், எனக்குத் திரும்பவில்லை. இருபத்தாறு வயசில் கத்தியதைக்கூடப் பொறுத்துக்கொண்டாளே. அப்போது என்னிடம் டேப் இல்லை, தெரியாமல் கத்தினேன். இப்போது டேப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவளை நம்பினேன். அதுதான் வித்தியாசமா? அவளைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

மார்ச் 12, செவ்வாய்

மார்த்தா ஈமெயில் போட்டிருக்கிறார். டேப் பெட்டியில் ‘பெயர் தெரியாது’ என்பதை அடித்துவிட்டு ‘காத்தாயி’ என்று எழுதிவிட்டார்களாம். புதுப் பாட்டையும் சேர்த்துவிட்டார்களாம். பாட்டின் கடைசியில் வரும் இரண்டு வரிக்கு மட்டும் அர்த்தம் விட்டுப்போயிருக்கிறது, என்ன என்று கேட்டிருக்கிறார்.

“சரியா கேக்கலன்னு எழுதிடவா அருள்ராஜ்?” என்றார் மேடம். நல்ல மனசோடுதான் கேட்டார். ஒரு நிமிடம் சரி என்று சொல்ல வாய் வந்தது. ஞாபகம் இல்லை என்று சொல்ல வாத்தியாருக்கும் அன்றைக்கு ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

“வேணாம் மேடம். இருக்கறபடி எழுதுங்க. அந்தத் தம்பி நான்தான்னும் எழுதுங்க. பேரும் போடுங்க.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த கட்டை எடுத்துப் பிரித்தாள். நான் எழுந்து சட்டையைக் கழற்றப் போனேன்.

“லீலா பேர சரியா போட்டாங்களான்னு கேட்டியா?” என்றாள்.

கேட்கவில்லை. நாளைக் காலை போனதும் முதல் வேலையாகக் கேட்க வேண்டும்.