அடக்கம் நடந்த நாடு

ஜூன் 3, செவ்வாய்

மலாவியின் ப்ளாண்டயர் நகரில் மூன்றாம் நாளாகத் தூறல். வெள்ளத்தால் அதிகம் பாதிக்கப்படக்கூடியது மலாவியா, மொசாம்பிக்கா என்று ஒப்பிடும் அறிக்கையின் இறுதி வரைவு வந்தது. இரு நாட்டுக் கூட்டுக் குழுவின் சட்ட ஆலோசகன் என்ற முறையில் வரையறைகள் மட்டுமே என் பொறுப்பு. அதிகப் புள்ளி பெறும் நாட்டின் ஆற்றங்கரையில் வெள்ளத் தடுப்புச் சுவர் எழும்பும். மறுகரைக்கு ஒன்றுமில்லை.

மார்ச் வெள்ளத்தில் இறந்தோர்: நம் மலாவிக் கரையில் நால்வர், எதிர்க்கரையான மொசாம்பிக்கில் நாற்பத்தொருவர். நடுவே ஓடுவது ஒரே ஆறு. உறுத்தியது. ஆயினும் ஒப்பமிட்டேன்.

ஜூன் 9

நம் கரையிலுள்ள கம்சோங்கா ஊரின் தலைவி ஃபலேசி, ஆறு மணி நேரம் பேருந்தில் வந்து என் எதிரே அமர்ந்தார்.

"நாலு பேர்னு எழுதியிருக்கீங்களே ஐயா, அதுல என் தங்கச்சி உண்டா?"

பட்டியலில் இல்லை.

"அக்கரைப் பட்டியல்ல பாருங்க."

இருந்தது.

"எங்க இடுகாடு அக்கரை மேட்டுலதான இருக்கு. இந்தப் பக்கம் முழங்கால் ஆழம் தோண்டினா தண்ணி. பாட்டன் காலத்துலேர்ந்து பொணத்த ஓடத்துல ஏத்தி அங்கதான் கொண்டுபோறோம். எங்க ஊர்ல யாராவது ஒருத்தர கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாங்களே."

அந்த நாற்பத்தொருவரில் இருபத்தெட்டுப் பேர் கம்சோங்காவினர். நம் கணக்கிலுள்ள நால்வரோ, மருத்துவமனையில் இறந்து நகரத்தில் அடக்கமானவர்கள்.

வரையறை நான்கு: 'ஒரு மரணம், உடல் அடக்கம் செய்யப்பட்ட நாட்டின் கணக்கில் சேரும்.' எழுதியவன் நான். குடியிருப்புக்கு அங்கே எவரிடமும் சான்று இல்லை. புதைகுழிக்கு ஊர்த்தலைவரின் பதிவேடு உண்டு. நிரூபிக்கத்தக்கதைத் தேர்ந்தேன். அவ்வளவு கவனம்!

"அந்தப் பக்கம் செவுரு வந்தா, ஏறி வர்ற தண்ணி எங்க போகும் ஐயா?"

தேநீர் வரவழைத்தேன். சர்க்கரை போட்டுக்கொண்டே சொன்னார்: "நாலு கரண்டிதான். எண்ணிக்கோங்க."

ஜூன் 12

புள்ளியியலாளர் லுசுங்குவைச் சந்தித்தேன்.

"வரையறை உங்களுது வக்கீலய்யா. நான் கூட்டினேன், அவ்ளோதான்."

"வரையறை தவறு என்றுதான் சொல்கிறேன்."

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடில்ல சொல்லணும்? இனி ஒரு வரிய மாத்தினாலும் ரெண்டு அமைச்சரவைக்கும் திரும்பப் போகணும். நீங்க போறீங்களா?"

ஜூன் 13

வரையறையை மீண்டும் மீண்டும் படித்தேன். சட்டப்படி ஒரு குறையுமில்லை. எரிச்சலே அதுதான்.

ஜூன் 20

எழுத்து மூலம் திருத்தம் கோரியிருந்தேன். பதில் ஒரே வரி: 'அடுத்த மதிப்பீட்டின்போது பரிசீலிக்கப்படும்.' அடுத்த மதிப்பீடு நான்கு ஆண்டுகள் கழித்து.

நாலு வருஷம். அதுக்குள்ள எத்தன மழை — யாரப் போய்த் திட்டுறது? உறுத்துச்சே, அன்னிக்கே பேனாவ மூடி வெச்சிருக்கலாமே.

ஜூலை 2

சுவர் எதிர்க்கரைக்கு என்று முடிவாகிவிட்டது. ஃபலேசிக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். அவர் அழவில்லை, ஏசவுமில்லை.

"நாலு வருஷம் கழிச்சு எண்ணும்போதும் பொதச்ச எடந்தானா கணக்கு?"

"மாற்றக் கேட்டிருக்கிறேன். உறுதி கூற இயலாது" என்றேன். உண்மையான பதில். வக்கீல் பதில்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கம்சோங்கா. ஊரின் இறந்தோரையெல்லாம் அக்கரை சேர்த்த ஓடக்காரர் மூப்பினால் காலமானார். வரச்சொல்லி ஃபலேசி தகவல் அனுப்பியிருந்தார். ஓடம் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மக்காச்சோள வயலின் ஓரத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஊர் கூடி முடிவு பண்ணிட்டோம். இனிமே எங்க ஆளுங்க இந்தப் பக்கம்தான்."

மழையில்லாத மாதம், அப்படியும் குழியில் நீர் ஊறியது. இருவர் தகரக் குவளைகளால் இறைத்தபடியே இருந்தார்கள். பெட்டியை இறக்கும்வரை இறைத்தார்கள்.

மண் மூடியதும் ஃபலேசி பதிவேட்டை என்னிடம் நீட்டினார்.

"எந்த நாடுன்னு நீங்களே எழுதிடுங்க ஐயா. நாளைக்கு யாரும் தப்புன்னு சொல்லக் கூடாது."

மலாவி என்று எழுதி, தேதியிட்டு ஒப்பமிட்டேன்.