பாதி மாத்திரை

ஸ்ரீரங்கம்
8-2-1964

சௌபாக்கியவதி ரெங்கநாயகிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க ரெங்கநாதர் துணை. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதி நிறுத்திவிடு என்றார் உன் அப்பா, எனக்கு மனசு ஒப்பவில்லை.

உன்னை ரயிலேற்றக் கூடாதென்று ஜாம்ஷெட்பூர் டாக்டரம்மா சொல்லிவிட்டதால் பிரசவத்துக்கு நான்தான் அங்கே வருவதாகப் பேச்சு. வயிற்றுக் கடுப்பும் ரத்தமுமாகக் கொல்லைப்புறமே கதியென்று கிடந்தவள், மன்னார்புரம் வரைக்கும் பஸ்ஸில் போகவே பயந்தவள், டாக்டர் அற்புதசாமி வைத்தியத்தில் எழுந்து நடமாடுகிறேன். வியாதி திரும்பி வராமல் ஸ்டீராய்டு மாத்திரை தடுக்குமா என்று அவர் இப்போது பரீட்சை பார்க்கிறார். சிலர் புட்டியில் மருந்து, சிலர் புட்டியில் வெறும் மாவு, பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம், ஒரு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள் பாலக்கரை சாரா பீவி, அவளுக்கும் இதே வியாதி. நம் வீட்டுப் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே, எது கைக்கு வந்தாலும் பாதியைப் பிட்டுக் கொடுக்காமல் வாயில் வைக்க மாட்டோம். அவளும் அந்த ஜாதிதான். ஒருத்திக்கு மாவுன்னா பாவம்தானேக்கா, பாதிப் பாதி எடுத்துக்குவோம் என்றாள். மாத்திரை நடுவில் கோடு வேறு போட்டிருந்தது. வாரா வாரம் உடைத்து மாற்றிக்கொண்டு, பெரிய சமர்த்து செய்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டோம்.

போன வாரம் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்து வார்டில் சேர்த்துவிட்டார்கள். நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறேன். முகம்கூடக் கொஞ்சம் உப்பியிருக்கிறது, புதுப்பெண் களை வந்துவிட்டதென்று அப்பா கேலி செய்கிறார். ஸ்டீராய்டு சாப்பிட்டால் முகம் உப்புமென்று ஆஸ்பத்திரியில் சொல்லக் கேட்டிருக்கிறேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் புட்டியில்தான் மருந்து இருந்து, அவளைக் காக்க வேண்டிய பாதியை நான் தின்றுவிட்டேனோ என்றே ராப்பகலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று டாக்டர் கேட்டதற்கு, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம். அவள் நிஜத்தில் என்ன தின்றாள் என்று தெரியாமல் அவர் என்ன வைத்தியம் செய்வார்? உண்மையைச் சொன்னால் எங்களைப் பரீட்சையிலிருந்து எடுத்துவிடுவார், மாத்திரை நின்றால் எனக்கும் வியாதி திரும்பலாம், பிறகு ரயிலாவது பிரயாணமாவது. சொல்லாவிட்டால் உன்னிடம் வரலாம், அவள் அங்கே கிடந்து சாக வேண்டியதுதான். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறதடி ரெங்கு. வாயை மூடிக்கொண்டு ரயிலேறு, பெற்ற பெண் முக்கியமா பெஞ்சில் பார்த்தவள் முக்கியமா என்கிறார் அப்பா.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். கஞ்சி குடிக்கக்கூடத் தெம்பில்லாதவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துக் கையில் வைத்து, இந்த வாரத்து உங்க பங்கு, மக பிரசவத்துக்குப் போகணுமேக்கா என்றாள். பிரித்துப் பார்த்தால் எல்லாம் பாதி மாத்திரைகள். அதில் ஒன்றைக்கூட என்னால் விழுங்க முடியவில்லை. நாளைக்கு அந்த மடிப்பை டாக்டர் மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் பிரசவத்துக்குத் துணையிருக்க இப்போதே சொல்லி வை. ஈரத்தலையோடு நிற்காதே. என்மேல் கோபம் வந்தால் வரட்டும், கடிதம் மட்டும் போடாமல் இருந்துவிடாதே. பிள்ளை பிறந்ததும் மாப்பிள்ளையைத் தந்தி கொடுக்கச் சொல். தாயும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

ஸ்டேஷனில் என்னைத் தேடாதே.

இப்படிக்கு,
வர முடியாத உன் அம்மா
மட்டுவார்குழலி