கட்டத்துணியில் பிரித்த வரிசை

நேற்றுத் தபாலில் ஒரு விழா மலர் வந்தது. தென்காசியில் நீயும் நானும் தையல் படித்த பயிற்சி நிலையத்துக்குப் பத்து வயது ஆகிறதாம். உறையைக் கிழித்ததும் அச்சு மை வாசனை. மூன்றாம் பக்கத்தில் உன் கட்டத்துணியின் படம். அதன் கீழே, 'நமது மானேஜர் அவர்களின் சிந்தனையில் உதித்த முன்னேற்றப் படம்' என்று போட்டிருக்கிறார்கள். சிந்தனையாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மறுத்துப் பேச வரமாட்டாய் என்ற தைரியம் அவர்களுக்கு.

அந்தத் துணி யாருக்கு உதித்தது என்று எனக்குத் தெரியும். நாம் பன்னிரண்டு பெண்கள். யாருக்கு எது வரும், எது வராது என்று தையல் மாஸ்டருக்கு நினைவே இருக்காது. காஜா போடக் கற்றவளையே திரும்பத் திரும்பக் காஜா போடச் சொல்வார். ரவிக்கைக்குக் கை வைக்கத் தெரியாதவள் மாதக் கணக்கில் கை வைக்காமலே உட்கார்ந்திருப்பாள். நீ கடையநல்லூர்த் தறிக்கார வீட்டுப் பெண், நெடுக்கும் குறுக்கும் பார்த்து வளர்ந்தவள். ஒரு நாள் வீட்டிலிருந்து காடாத்துணி கொண்டுவந்து கறுப்பு நூலால் கட்டம் கட்டினாய். இடப்பக்கம் நம் பெயர்கள், மேலே வேலைகள்: காஜா, பட்டி, கழுத்து, கை, பை, அளவெடுப்பு, வெட்டு. ஒரு வேலையைப் பிறர் துணையோடு செய்தால் அந்தக் கட்டத்தில் சிவப்பு நூல், தனியாகச் செய்தால் நீலம், இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்தால் பச்சை.

சுவரில் மாட்டிய பிறகு வகுப்பே மாறிவிட்டது. கழுத்து வராதவள் துணியைப் பார்த்து, பச்சை நூல் யாருக்கு இருக்கிறது என்று தேடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டே மாதத்தில் கட்டமெல்லாம் நிறம் ஏறியது. ஒரு வரிசை மட்டும் மேலிருந்து கீழ்வரை வெறுமையாகக் கிடந்தது. வெட்டு. பன்னிரண்டு பேரில் ஒருத்திக்குக்கூட அதில் சிவப்பு நூல் இல்லை. எப்படி இருக்கும்? கத்திரியை மாஸ்டர் தம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவார். பெண்பிள்ளைகள் கையில் கொடுத்தால் கவர்மெண்ட் துணி பாழாகும் என்பார். அவர் வெட்டிப் போடுவார், நாம் தைப்போம். நமக்காகக் கட்டிய துணி நிலையத்தாருடைய லட்சணத்தைச் சுவரில் மாட்டிவிட்டது.

சாரல் தொடங்கியதும் மேலதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. வருடம் முழுவதும் எட்டிப் பார்க்காதவர்களுக்குக் குற்றாலத்தில் தண்ணீர் விழும்போதுதான் தென்காசிப் பெண்களின் முன்னேற்றத்தில் அக்கறை பிறக்கும். முந்தின நாள் காலையில் மானேஜர் துணியின் முன்னால் நின்றார். அந்த வெற்று வரிசையை உடனே நீல நூலால் நிரப்பு, இல்லையென்றால் பிரித்து எடு என்றார் உன்னிடம்.

நீ குரலை உயர்த்தவில்லை. "கத்திரியக் கையில தாங்க சார், இன்னைக்கே நெரப்பிருதோம்" என்றாய்.

அவ்வளவுதான். ஒழுங்கீனம் என்று எழுதி உன்னை அப்போதே வெளியே அனுப்பினார். சர்டிபிகேட் இல்லாமல் உனக்கு டீச்சர் வேலை கிடையாது, அரசாங்கம் தரும் மெஷினும் கிடையாது. அது அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பிறகு அந்தத் துணி என் மடிக்கு வந்தது. "உனக்குக் கை சுத்தம், நீ பிரி" என்றார். நான் பிரித்தேன். 'வெட்டு' என்ற எழுத்தையும் அதன் கீழிருந்த கட்டங்களையும் ஒவ்வொரு நூலாக எடுத்தேன். ஒரு ஊசித்துளை தெரியாதபடி நகத்தால் நீவிவிட்டேன். மானேஜர்மேல் எனக்குள்ள கோபம் ஒரு பங்கு என்றால் என்மேல் மூன்று பங்கு.

மறுநாள் அதிகாரி அருவிக்குளியல் முடித்து, தலை ஈரம் காயாமல் வந்தார். துணியைப் பார்த்து அபாரம் என்றார். அடுத்த வாரம் உன் தகரப் பெட்டியை எடுத்துப்போக வந்தவள், சுவரில் மாட்டியிருந்த அந்தத் துணியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாய். நான் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சர்டிபிகேட் வந்தது. வெட்டுதல் உட்பட எல்லாவற்றிலும் தேர்ச்சி என்று அதில் இருந்தது. அச்சன்புதூர் மாதர் சங்கத்தில் டீச்சர் வேலையும் கிடைத்தது. முதல் நாளே ஒருத்தி ரவிக்கைத் துணியை நீட்டி வெட்டிக் காட்டுங்கள் என்றாள். நான் அதுவரை துணியில் கத்திரி வைத்ததே இல்லை. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, வெட்கத்தை விட்டு உன்னிடம்தான் பஸ் ஏறி வந்தேன்.

நீ பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் போட்டு, பேப்பரில் வைத்து வெட்டி, தானாகவே கற்றிருந்தாய். உள்ளூர்க் கடைக்குக் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தாய். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குக் கற்றுக்கொடுத்தாய். "பயந்தா கோணும். மூச்சப் புடிச்சு ஒரே ஓட்டமா ஓட்டு" என்பாய். அந்தத் துணியைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு விழாவுக்கு என்னை வாழ்த்திப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். துணி உன்னுடையது என்பேன். அதில் ஒரு வரிசை இருந்தது என்றும், அதைப் பிரித்தவள் நான்தான் என்றும் மைக்கைப் பிடித்துச் சொல்வேன். மானேஜர் மூஞ்சி எப்படிப் போனாலும் போகட்டும்.

ஆனால் நேற்றிலிருந்து என்னைத் தூங்கவிடாதது அவரல்ல, நீ. கடைசி ஞாயிறு நான் கிளம்பும்போது, கை கோணலாக ஏறிய ஒரு ரவிக்கையை என் மடியில் போட்டாய். "ஏட்டி, இதக் கொஞ்சம் பிரிச்சுக் கொடுத்துட்டுப் போ. ஒன்னய மாதிரி தடம் தெரியாமப் பிரிக்க ஒருத்திக்கும் வராது" என்றாய். பாராட்டுகிறாய் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பிரித்துக் கொடுத்தேன். எல்லாம் தெரிந்தேதான் நான்கு ஞாயிறும் என் கையைப் பிடித்துக் கத்திரி ஓட்டினாயா? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா, பாவி.