உயிரோடிருப்பவளுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

அது உன் பெரிய மகளா, சின்னவளா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன வாரம் மாரண்டஹள்ளி சந்தையில் தக்காளிக் கூடைகளின் மேல் ஒரு பழைய பிளக்ஸை விரித்திருந்தார்கள். வெயிலில் வெளுத்த நெற்றியும் ஒரு கண்ணும்தான் மிச்சம். வியாபாரி, "கிலோவாங்க, கூடையாங்க?" என்று கேட்டார். எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன்.

கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். நான் மேலே படித்து வேலைக்குப் போனேன். நீ கல்யாணமாகி மாரண்டஹள்ளிப் பக்கம் ஓர் ஊருக்குப் போனாய். "எல்லாத்தையும் சந்தேகப்படுவ, அப்புறம் சும்மா உக்காந்துக்குவ" என்று அப்போதே என்னைச் சொல்வாய்.

உங்கள் ஊர்ப் பேருந்து நிழற்குடையின் கூரை விழுந்துதான் பெரியவள் போனாள். அதற்கு அடிக்கல் நாட்டியது ஒரு கட்சி, திறந்து வைத்தது இன்னொரு கட்சி. ஆகவே அவள் சாவு இரண்டு கட்சிக்கும் தேவைப்பட்டது. வந்தவர்கள் உன் கையைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தேடினார்கள். ஒருவர், படம் சரியாக விழவில்லை என்று, போட்ட மாலையைக் கழற்றி மறுபடியும் போட்டார். நீ அவரைப் பார்த்த பார்வையை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

முப்பதாம் நாள் ஆளுங்கட்சியின் இரங்கல் கூட்டம். தலைவர் வருகிறார் என்று ரோடு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் தட்டிகள். உன் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து நின்ற படத்தை யாரிடமோ வாங்கி, வெட்டியவர்கள் தவறான பெண்ணை வெட்டியிருந்தார்கள். பத்தாவது படிக்கும் சின்னவள் கம்பத்துக்குக் கம்பம் மாலையோடு சிரித்தாள். பள்ளியில் ஒருத்தி அவளைத் தொட்டுப் பார்த்தாளாம். மறுநாளிலிருந்து அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கட்சியின் ஒன்றியச் செயலாளரிடம் போனாய். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். பிறகு சொன்னார்:

"அக்கா தங்கச்சி ரெண்டும் ஒரே சாடைதானுங்களே. ரோட்டுல போறவனுக்கு என்னங்க தெரியப் போவுது? தலைவர் வந்துட்டுப் போவட்டும், கழட்டிக்கலாம்."

வெளியே வந்ததும், கலெக்டருக்கு மனு கொடுக்கலாம் என்றேன். நகல் யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "நீ மனு எழுதுடி. நான் ஏணி எடுத்தாறேன்."

நான் உன் வீட்டில் உட்கார்ந்து நிஜமாகவே எழுதினேன். நல்ல தமிழில், பத்தி பிரித்து. எழுதி முடித்து ரோட்டுக்கு வந்தபோது நீ ஏணி மேல் நின்று அரிவாளால் கயிறுகளை அறுத்துக்கொண்டிருந்தாய். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது சின்னவள். வீட்டை விட்டு வரமாட்டேன் என்றவள். அவளுடைய முகம் ஒவ்வொன்றாக அவள் காலடியில் விழுந்தது. கட்சிக்காரர்கள் தள்ளி நின்று, எதிர்க்கட்சி தூண்டிவிட்டது என்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் கிட்டே வரவில்லை.

போன வருடம் காய்ச்சலில் நீ போனபோது ஒரு துண்டுச் சுவரொட்டிகூட இல்லை. உன் சாவில் யாருக்கும் லாபமில்லை. அதுவரை நல்லது.

அந்த மனு யாரிடமும் கொடுக்கப்படவில்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் ஒரு பிழைகூட இல்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

நீ தட்டிகளை அறுத்த மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். காலையில் அதே கம்பங்களில் எதிர்க்கட்சியின் தட்டிகள் தொங்கின. இந்தத் தடவை பெரியவளின் படம் சரியாக இருந்தது. பக்கத்தில் நீ, ஏணி மேல், கையில் அரிவாளோடு. 'கொதித்தெழுந்த தாய்' என்று போட்டிருந்தார்கள். ஆளுங்கட்சித் தலைவர் வரவில்லை, தலைவலியாம். ஏழரை மணி பஸ் வந்தது. சின்னவள் புத்தகப் பையோடு ஏறினாள். கண்டக்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பாஸை நீட்டி, "உயிரோடதாங்கண்ணா இருக்கறேன், நகருங்க" என்றாள்.