மூத்த பெயர்

கென்ட்
ஏப்ரல் 9, 1872

அன்புத் தோழி செலினாவுக்கு,

இங்கு நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அண்ணன் ஜாஸ்பர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா?

நத்தைகளைப் பற்றிய என் புத்தகம் வந்ததிலிருந்து தபால்காரருக்கு என்மேல் ஒரே கோபம். பாத் நகரத்து அம்மாள் ஒருத்தி அதைப் படித்து உருகிப்போய், உயிருள்ள நத்தையைச் சாதாரண உறையில் போட்டு அனுப்பிவிட்டாள். வந்து சேர்ந்தது ஈரக் கறைதான். "ஐயா, உங்க வீட்டுக் கடுதாசியைத் தொட்டா மட்டும் கையைக் கழுவ வேண்டியிருக்கு" என்று புலம்பினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்ற கோடையில் உங்கள் தோட்டத்துச் சுவரிலிருந்து மயிர் முளைத்த சிறு நத்தைகளை அனுப்பினீர்களே, 1839-ல் நான் உங்கள் பெயரைச் சூட்டிய இனம், அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் ஈரப் பாசி போட்டு வளர்த்தேன். குளிர்காலம் போனதும் மயிர் உதிர்ந்தது, ஓட்டின் வாய் தடித்தது. நேற்றுக் காலை பெட்டியைத் திறந்தால் உள்ளே ஊர்ந்துகொண்டிருப்பது அகஸ்டாவின் நத்தை! எனக்குக் கல்யாணமான புதிதில் இந்த வீட்டு வேலியில் கண்டெடுத்து என் மனைவியின் பெயரை வைத்தேனே, அதுவேதான். ஒரே பிராணியின் குட்டிக்கு ஒரு பெயர், வளர்ந்ததற்கு ஒரு பெயர் என்று வைத்துவிட்டு, இரண்டும் வேறு வேறு இனம் என்று இத்தனை காலம் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் நான் தங்கியிருந்த அந்த மழை வாரம் நினைவுக்கு வருகிறது. உங்கள் தொப்பி நிறைய நத்தை, தலையெல்லாம் ஈரம், வாசலில் உங்கள் அப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்போது நமக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது.

அன்புடன்,
ஆம்ப்ரோஸ் லேசி


டார்செட்
ஏப்ரல் 15, 1872

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

நீங்கள் சொல்லாவிட்டாலும் சிரித்திருப்பேன். கடிதத்தைக் காலை உணவின்போது வாசித்துக் காட்டினேன். ஜாஸ்பர் முட்டையை வைத்துவிட்டு, "அப்போ இத்தனை வருஷமா நீ வளராத குட்டியாவே இருந்திருக்கே. எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அன்று முழுதும் என்னைக் குட்டி என்றே கூப்பிட்டார். ஐம்பத்தைந்து வயதில் இது எனக்குத் தேவையா?

முழங்கால் பரவாயில்லை. மழை நாளில் மட்டும் படுத்துகிறது. எங்கள் ஊரில் எந்த நாள் மழை நாள் இல்லை?

ஒன்று கேட்கலாமா? ஒரு பிராணிக்கு இரண்டு பெயர் இருக்க முடியாது. எந்தப் பெயர் முதலில் அச்சானதோ அதுவே நிற்கும், பிந்தியது போகும் என்பது நீங்கள் எல்லோரும் சேர்ந்து வகுத்த விதி. உங்கள் கல்யாணம் 1839-க்குப் பிறகுதான். எது முதல் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லையே, ஏன்?

உங்கள்,
செலினா


கென்ட்
மே 2, 1872

அன்புத் தோழி செலினாவுக்கு,

உங்களிடம் எதையும் மறைக்க முடியாது. எழுத வரவில்லை, அதனால்தான் எழுதவில்லை.

அகஸ்டா போய் இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. என் வேலையில் அவள் எதையும் தனக்கென்று கேட்டதில்லை. அந்த நத்தை ஒன்றில்தான் அவளுக்குப் பெருமை. யார் வந்தாலும் வேலிக்குக் கூட்டிப்போய், "இதோ, இதுதான் நான். அவரோட புத்தகத்துல போய்ப் பாருங்க" என்பாள். என் மகள் ஹெஸ்டர்தான் இப்போது என் கட்டுரைகளைப் படியெடுக்கிறாள். விஷயம் தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பா, அம்மா பேரை என் கையாலயே அடிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

லண்டனில் நண்பர் பெல்லமியிடம் யோசனை கேட்டேன். "1839-ல நீ பேர் வச்ச அந்த முதல் ஓடுதான் அருங்காட்சியகத்துல நொறுங்கிப் போச்சே. உன் பழைய குறிப்பும் நாலு வரி. ஓட்டை அனுப்பின மிஸ் ரூக்குக்கு அது எங்கே எடுத்ததுன்னு சந்தேகம் இருந்தா, அந்தப் பெயரை ஒதுக்கி வச்சிட்டு அகஸ்டா பேரையே நிறுத்திடலாம். யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

உங்கள் வீட்டிலிருந்து நான் கிளம்பிய மறுவாரம் அந்த ஓட்டை மாத்திரை டப்பாவில் வைத்து அனுப்பினீர்கள். வெகு காலம் ஆகிவிட்டது. நாம் எத்தனையோ சுவரில் எத்தனையோ நத்தை பொறுக்கினோம். அது உங்கள் தோட்டத்துச் சுவரில் எடுத்ததுதானா? இந்த இனம்தான் என்று நிச்சயமாக நினைவிருக்கிறதா? இல்லை என்றால் யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை.

அன்புடன்,
ஆம்ப்ரோஸ்


டார்செட்
மே 20, 1872

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

பதில் தாமதம். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நிச்சயமாக நினைவிருக்கிறது. பேரிக்காய் மரத்துக்குப் பின்னால் இருக்கும் சுவர். நீங்கள் புறப்பட்டுப் போன பிறகு தனியாக நின்று எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், மயிரில் நீர்த்துளி இருந்தது. வேறு நத்தை இல்லை, வேறு சுவரும் இல்லை.

பொய் சொல்லக் கூசுகிறது என்றுதான் முதலில் எழுதினேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த மழை வாரத்தில் நீங்கள் ஏதோ சொல்லப்போகிறீர்கள் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தோம். சொல்லாமலே வண்டி ஏறினீர்கள். சில மாதம் கழித்து அச்சில் என் பெயர் வந்தது. அப்பா அதை உரக்க வாசித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான். அகஸ்டாவுக்கு உங்கள் வீடு, பிள்ளை, உங்களுடைய அத்தனை காலைகளும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது ஒரு நத்தை. அதையும் எழுந்து நின்று தந்துவிட மனம் வரவில்லை, ஆம்ப்ரோஸ்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ருபார்ப் ஜாம் அனுப்பியிருக்கிறேன், ஹெஸ்டருக்கும் கொடுங்கள்.

என்றும் உங்கள்,
செலினா


கென்ட்
செப்டம்பர் 28, 1872

மதிப்பிற்குரிய மிஸ் ரூக் அவர்களுக்கு,

கட்டுரை அச்சாகிவிட்டது. ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. விதிப்படி தங்கள் பெயரே நிற்கிறது. தாங்கள் சொன்னது உண்மை, அதில் குறை காண எனக்கு உரிமை இல்லை. கேட்டது நான். கேட்டிருக்கக் கூடாது.

ஹெஸ்டர் தன் தாயின் பெயரைச் செல்லாத பெயர்களின் வரிசையில் தானே எழுதினாள். எழுதி முடித்ததும் மை உலரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு வீட்டில் நத்தையைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

இனி மாதிரிகள் அனுப்பச் சிரமப்பட வேண்டாம். இப்போது சிலந்திகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஜாம் கிடைத்தது, நன்றி.

தங்கள் பணிவுள்ள,
ஆ. லேசி


டார்செட்
பிப்ரவரி 17, 1873

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

நவம்பரில் எழுதியதற்குப் பதில் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கும் இல்லை. உங்களுக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்துபோனேன். லண்டன் போய்வந்த ஜாஸ்பர் உங்களை இயற்கை ஆய்வாளர் சங்கக் கூட்டத்தில் பார்த்தாராம். "ஆளு கல்லு மாதிரி இருக்கார். உன் பேச்சை எடுத்தேன், குடையைத் தேடறேன்னு போனவர் திரும்பியே வரல" என்றார். நல்லபடி இருக்கிறீர்கள், அது போதும் என்று சொல்லிக்கொண்டேன். போதவில்லை.

போன மாதம் கேம்பிரிட்ஜிலிருந்து ஓர் இளைஞர் வந்தார், உங்கள் பரம ரசிகர். மிஸ் ரூக்கின் நத்தை கிடைத்த சுவரைப் பார்க்க வேண்டுமாம். காட்டினேன். தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொன்னார். அவர் போனதும் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். சமையற்காரி பெட்ஸி, "என்னம்மா, வெங்காயம்கூட இன்னும் நறுக்கலையே" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேலாக மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு, உங்கள் கடிதம் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு நத்தை மட்டும் என்று மே மாதம் எழுதினேனே, எவ்வளவு பெரிய அசடு நான்.

அந்தக் கேள்வியை இன்று நீங்கள் திரும்பக் கேட்டால், எனக்கு நினைவில்லை என்று எழுதிவிடுவேன். அச்சான பிறகு அதில் பயனில்லை என்று எனக்கும் தெரியும்.

நத்தையைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். அகஸ்டாவைப் பற்றி எழுதுங்கள். இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அவர் எப்படிச் சிரிப்பார்? அவருக்கு என்ன பிடிக்கும்?

செலினா