'முதுகு' என்று மட்டும் கூப்பிட்டவளுக்கு

மருமகள் நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் ஒன்றை வாங்கிவந்து குளியலறை ஆணியில் மாட்டியிருக்கிறாள். "அத்தை, இனிமே முதுகு தேய்க்க யாரையும் கூப்பிட வேணாம்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. நான் அப்படி யாரையும் கூப்பிட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஷவரைத் திறந்துவிட்டு, பிரஷைத் தோளுக்குப் பின்னால் போட்டு இழுத்தேன். நீ ஞாபகத்துக்கு வந்தாய். போன மாதம் நீ கண்ணை மூடியதிலிருந்து உனக்கு எழுத நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாம்பரம் ஹாஸ்டலில் நமக்கு ஏது ஷவர்? ஒரு சிமெண்டுத் தொட்டி, தோளுயரத் தடுப்பு வைத்த நாலு குளியலறை, ஆளுக்கு ஒரு தகர வாளி. வேலைநாளில் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் காக்காய்க் குளியல். ஞாயிற்றுக்கிழமைதான் நிதானமாகக் குளிப்போம். பாவாடையை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, கை எட்டுகிற இடத்தையெல்லாம் தேய்த்துவிட்டு, எட்டாத இடத்துக்கு ஆள் கூப்பிடுவது அங்கே வழக்கம். "மேரி, முதுகு" என்பார்கள். "பாத்திமா, முதுகு" என்பார்கள். நீ மட்டும் பேரே சொல்லமாட்டாய். வெறும் "முதுகு" என்று ஒரு குரல். அது எனக்குத்தான் என்று ஹாஸ்டலில் எல்லாருக்கும் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவருவேன்.

பல்லாவரம் சந்தையில் வாங்கிய பீர்க்கங்காய் நாரை வைத்து நான் தேய்க்கிற தேய்ப்பில் நீ நெளிவாய். "மெதுவாடி. நீ தோல் பதப்படுத்தற ஷாப்புல வேல பாக்க வேண்டியவ, தப்பா டைப்பிஸ்ட் ஆயிட்ட" என்பாய். பிறகு என்னைத் திருப்பி உட்கார வைத்து எனக்குத் தேய்த்துவிடுவாய். நீ தேய்த்தால் வலிக்காது. அந்த வயதில் எனக்கென்று இருந்த ஒரே சொகுசு அது.

உன் முதுகின் நடுவில், மேலிருந்தும் கீழிருந்தும் உன் கை எட்டாத இடத்தில், அரைப் புளியங்கொட்டை அளவில் ஒரு மச்சம் இருந்தது. நீ அதைப் பார்த்ததே இல்லை. உனக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்கிற சந்தோஷத்தில் நான் உன்னிடம் சொல்லவில்லை. அற்பம்தான். ஆனால் உன்னைச் சுற்றி எப்போதும் ஆட்கள். எனக்கென்று உன்னிடம் வேறு என்ன இருந்தது?

பல்லாவரத்துப் பள்ளிக்கூடத்தில் உனக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது பாரத்தில் அங்க அடையாளம் இரண்டு கேட்டிருந்தார்கள். முழங்கையில் ஒரு தழும்பு இருந்தது. இரண்டாவதற்குக் கை, கால், கழுத்து எல்லாம் தேடினாய். "என்ன முழுசா பாக்குறவ நீதான். எங்கயாச்சும் மச்சம் கிச்சம் இருக்காடி?" என்று கேட்டாய். நான் பாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லயே" என்றேன். நீ அம்மை குத்திய தழும்பை எழுதிக்கொண்டு போனாய். "ஊர்ல எல்லாருக்கும் இருக்கறத அடையாளம்னு எழுதினா எப்படிம்மா?" என்று அங்கிருந்த கிளார்க் எல்லார் முன்னாலும் சிரித்துத் திருப்பி அனுப்பினார். நீ அழுதுகொண்டு வந்தாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அந்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல். குளியலறையிலிருந்து "முதுகு" என்று உன் குரல் வந்தது. நான் எழுந்திருப்பதற்குள், நம் அறைக்குப் புதிதாக வந்திருந்த ரெஜினா, "நான் வரேங்க்கா" என்று ஓடிவிட்டாள். நான் படுத்திருந்த இடத்துக்கே அவள் சத்தம் கேட்டது. "இன்னாக்கா, முதுவுல இம்மாம் பெரிய மச்சம் கீது, அடையாளம் இல்லேன்னு அழுதுகினு இருந்தியே?"

நீ தலையில் ஈரத்துண்டோடு வந்து என் கட்டிலருகே நின்றாய்.

"ரெண்டு வருஷமா தேய்க்கிற. உனக்குத் தெரியாதா?"

"நுரையில தெரியல" என்றேன்.

நீ திட்டியிருக்கலாம். "காய்ச்சல் விட்டுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாய். அடுத்த ஞாயிறு நான் துண்டோடு தயாராக நின்றேன். உள்ளிருந்து உன் குரல் வந்தது. "ரெஜினா, முதுகு."

முதல் முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாய். அன்றிலிருந்து நானும் யாரையும் கூப்பிடவில்லை. துண்டை முறுக்கி இரண்டு கையாலும் இழுத்துத் தேய்த்துக்கொள்ளப் பழகினேன். நீ பேச்சை நிறுத்தவில்லை, கல்யாணத்துக்குக் கூப்பிட்டாய், பொங்கலுக்குக் கடிதம் போட்டாய். மச்சத்தைப் பற்றி மட்டும் நாம் பேசவே இல்லை. நான் மன்னிப்பும் கேட்கவில்லை.

நீ போன மறுவாரம் ரெஜினா போன் செய்தாள். கடைசிப் பத்து நாளும் ஆஸ்பத்திரியில் அவள்தான் உன் கூட இருந்தாளாம். வெந்நீரில் துணியை நனைத்து உன் முதுகைத் துடைத்துவிடும்போது என்னைப் பற்றிச் சொன்னாயாம்.

"உங்க முதுவுலயும் ஒண்ணு கீதாமே. அக்காவுக்கு மொதல் நாள்லேர்ந்தே தெரியுமாம். 'அவ என்னுத மறைச்சா, நான் அவளுத மறைச்சேன். அவகிட்ட நான் சொல்லவே இல்ல'ன்னு சிரிச்சுது. எங்க கீதுன்னு சொல்லட்டா?"

"வேணாம்" என்றேன். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். முதல் நாளிலிருந்தே என்றால், நான் பொய் சொல்வதற்கு முன்பே நீயும் என்னைப் போலத்தான் இருந்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்த்தும் எனக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறாய். என் வீட்டுக்காரர் நாற்பது வருஷத்தில் அப்படி ஒன்று இருப்பதாகச் சொன்னதில்லை.

இரண்டு கண்ணாடியைப் பிடித்தால் நானே பார்த்துவிடலாம். மருமகளைக் கேட்டால் நொடியில் சொல்வாள். கேட்கப் போவதில்லை. உனக்கு மட்டும் தெரிந்ததை நானே சுமந்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பிரஷ் முதுகில் இறங்கும்போது எங்கோ ஓரிடத்தில் அதன்மேல் ஏறித்தான் போகிறது. அந்த இடம் உனக்குத் தெரியும்.

ரெஜினாவுக்கும் தெரியும். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவளிடம் ஏன் சொன்னாய்?