மிளகாய் மில்லுக்கு மேல்வீடு

அன்பு மகன் ஷாரிக்குக்கு அத்தா ஸலாம். இங்கே நீ வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டு மாடியில் குடியிருக்கும் செல்வாம்பாளின் நாலு வயது மகன் செம்மல், மூச்சு இழுத்து உதடு நீலம் பாரித்துப் பெரியாஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நேற்றுத்தான் வந்தான். இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் ஸமீஹாவும் பேரன் ஆசிப்பும் சுகமாக இருக்க வேண்டும்.

இதைப் போனில் சொன்னதற்கு நீ என்ன சொன்னாய், "அதுங்களுக்குப் படிப்பு இல்ல அத்தா, சுத்தம் தெரியாது, காலி பண்ணச் சொல்லுங்க" என்றாய். அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு அருவருப்பு. மாடி ஏறிப் பார்த்தேன். தரை கழுவிய தட்டு மாதிரி இருக்கிறது, ஜன்னலை மட்டும் ஈரக் கோணியால் அடைத்திருக்கிறாள். ஏன்மா என்றேன். "தொறந்தா கீழ மில்லுலேர்ந்து மொளகாக் கமறல் வருது பாய், மூடுனா செவுரு ஓதம் ஏறி பூஞ்ச புடிக்குது, எதத் தொறக்கட்டும், எத மூடட்டும், நீங்களே சொல்லுங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த, மருந்தை வாயால் இழுக்கிற பஃப்பை, பழகினால் விடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்தாள், அதற்கு நன்றாகத் திட்டினேன். படிக்காததால் அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். குடியிருக்கிற வீட்டுக்குக் கீழே மில்லைக் கொண்டுவந்து வைத்தது படித்த நீ. ஆசிப்புக்கு இழுப்பு வந்தபோது கம்பளத்தைத் தூக்கி எறிந்தாய், சுவர் ஈரம் என்று வீட்டையே மாற்றினாய். மூச்சுக்கு எது ஆகாது என்று தெரிந்துதான் வாடகை கூட வருகிறது என்று கீழ்வீட்டை மில்லுக்கு விட்டிருக்கிறாய். அவள் புருஷன் நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவன், வேறு வீட்டு அட்வான்ஸுக்கு எங்கே போவான்? உங்கள் வீட்டில் வந்தால் அலர்ஜி, அவர்கள் வீட்டில் வந்தால் அழுக்கா? நான் அஞ்சாவதோடு நின்று மிளகாய் மூட்டை சுமந்து உன்னைப் படிக்க வைத்தது இந்தப் பேச்சைக் கேட்கவா, த்தூ.

ஆசிப்புக்குப் பஃப்பை நேரத்துக்குக் கொடு, குளிரில் வெளியே விடாதே. அல்லாஹ் அவன் மூச்சையும் செம்மல் மூச்சையும் லேசாக்கி வைக்கட்டும். அந்த வீட்டுக்குப் பவர் பத்திரம் என் பேரில் இருப்பதால் உன்னைக் கேட்காமலே மில்லுக்கார அரிகிருஷ்ணனிடம் பேசி முடித்துவிட்டேன்: மாதக் கடைசியில் மில் காலி, அவருக்குத் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் ஐம்பதாயிரமும் ஓதம் எடுத்துப் பூசுகிற செலவும் உன் கணக்கில், செல்வாம்பாளுக்கு இப்போது தருகிற அதே நாலாயிரம் வாடகை, மூன்று வருஷத்துக்கு ஏற்றம் கிடையாது.

இப்படிக்கு,
உன் அத்தா ஹாஜா